பருவத்தின் முதற் பந்தயம்

நீச்சல் 750 மீட்டர், சைக்கிள் 20 கிலோமீட்டர், ஓட்டம் 5 கிலோமீட்டர். இவற்றை இடைவிடாது முடிப்பதே ஸ்பிரிண்ட் டிரையத்லான் எனும் பந்தயம். 2000-ஆம் ஆண்டு ஸிட்னியில் ஒலிம்பிக்கிற் புகுந்த பந்தயத்தின் தூரத்திற் சரிபாதியாதலின், இதனை எளிதெனச் சிலர் இகழ்வர். அது பொருந்தாது. குளிர்நாடுகளில் வசந்தத்தில் நிகழும் முதற் பந்தயம், குளிர்காலப் பயிற்சியின் குறைகளைக் காட்டும் கண்ணாடியாகும். குளிர்நீருக்குப் பழகாது குதிப்போனுக்கு மூச்சுத் திணறும். அஃது உயிருக்கே கேடாகலாம். கரையேறிச் சைக்கிளை எடுக்கும் நேரமும் கணக்கிற் சேருமன்றோ? அங்கே தடுமாறுவோன் நீரில் ஈட்டிய நொடிகளை நிலத்தில் இழப்பான். சைக்கிளினின்று இறங்கியோன் கால்கள் மரக்கட்டையெனக் கனக்கும். தனித்தனிப் பயிற்சி இதனை உணர்த்தாது. ஆதலின் வாலிபர்காள்! பருவத் தொடக்கத்திற் பரிசை நாடற்க, குறையை நாடுக. முதலில் அறிந்த குறையைத் திருத்தக் காலமுண்டு. இறுதியில் அறிந்தது வருத்தமே தரும்.