செத்த நாற்று பொய் சொல்லாது



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார். "சார், உங்க ஒரகடம் போர் தண்ணிக்கு இதுதான் மருந்து. விதையை இந்தக் கரைசல்ல ஊறப்போட்டா எந்தத் தண்ணியிலும் முளைக்கும்." என் கத்தரி நாற்று இரண்டு முறை செத்ததைக் கேள்விப்பட்டு அக்கறையோடு அனுப்பியிருக்கிறார். நன்றி தம்பி. ஆனால் அந்த 'எந்தத் தண்ணியிலும்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

விதை நேர்த்தியை நான் கேலி செய்யவில்லை. விதை முளைக்க முதலில் நீரை உறிஞ்ச வேண்டும். நீரில் உப்பு கூடினால் உறிஞ்ச முடியாது. உருளைக்கிழங்குத் துண்டை உப்புநீரில் போட்டுச் சுருங்க வைத்து சவ்வூடு பரவல் நடத்தினேனே, அதே கதைதான். கத்தரி, தக்காளி, மிளகாய் விதையை நல்ல நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, வேர் எட்டிப் பார்க்கும் முன் நிழலில் உலர்த்தி விதைத்தால் உப்பை ஓரளவு தாங்கும். நாற்றங்காலுக்கு மட்டும் மழைநீர் ஊற்றினால் இன்னும் நல்லது.

இதெல்லாம் உப்புக்கு. தண்ணீரில் இருப்பது உப்பு மட்டும்தான் என்று யார் சோதித்தது? காட்மியம் இருந்தால் கீரையின் இலைக்கே ஏறும். குரோமியம் பெரும்பாலும் வேரில் தங்கும். முள்ளங்கியில் நாம் தின்பதே வேரைத்தான். செடி பச்சைப் பசேலென்று நிற்கும், நாமும் பறித்துப் பேரப்பிள்ளைக்கு ஊட்டுவோம். நாற்றைப் பிழைக்க வைப்பது வேறு, அதை உண்ணத் தகுந்ததாக்குவது வேறு. செத்த நாற்றாவது நம்மை எச்சரித்தது. அதன் வாயையும் மருந்து ஊற்றி அடைக்கச் சொல்கிறீர்களா?

பாலாற்றங்கரையைப் பாருங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவருடையதே என்றது. அதாவது நிரூபிக்க வேண்டியது கத்தரி விதை அல்ல. ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை 1995-இல் மூடப்பட்டது. லட்சக்கணக்கான டன் கழிவோ அங்கேயே கிடந்து நிலத்தடி நீரில் இறங்கியது.

"சார் கம்பெனிகளுக்கு எதிரி" என்று எழுதாதீர்கள். என் மாணவர்கள் பலருக்கு இங்குள்ள கம்பெனிகள்தான் சோறு போடுகின்றன. நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. சோதிக்கச் சொல்கிறேன்.

இன்றே செய்யுங்கள். இரண்டு தட்டு, ஈரத்துணி, தட்டுக்கு 20 வெந்தயம். ஒன்றுக்கு மழைநீர் அல்லது குடிநீர், மற்றதற்கு போர் தண்ணீர். மூன்றாம் நாள் எண்ணுங்கள். என் வீட்டில் 18-ம் 7-ம் வந்தது. வித்தியாசம் தெரிந்தால் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். டிடிஎஸ் மீட்டரை நம்பி உட்காராதீர்கள். கரைந்திருப்பது எவ்வளவு என்று அது சொல்லும், எது என்று சொல்லாது. ஆய்வகத்தில் கன உலோகங்களையும் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேளுங்கள். முடிவை கிராம சபையில் எழுந்து நின்று படியுங்கள்.

வகுப்பில் கேள்வி கேட்டதற்காக நான் யாரையும் அடித்ததில்லை. இப்போதாவது கேளுங்கள்.

உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்