லீவு விட்டா எங்க போறது?

தேர்வுக்கு முன்னால் விடுகிற விடுமுறைக்குப் ‘படிப்பு விடுமுறை’ என்று பெயர். ஸ்டடி லீவு. இந்தப் பெயரை வைத்தவனுக்கு ஒரு வீடு இருந்திருக்கிறது. அந்த வீட்டில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு விளக்கு, ராத்திரி பத்து மணிக்குப் பால் ஆற்றிக்கொண்டு வருகிற அம்மா, ‘தம்பிக்குப் பரீட்சை, டிவிய நிறுத்துங்க’ என்று சத்தம் போடுகிற அப்பா எல்லாம் இருந்திருக்கிறார்கள். கல்லூரியை மூடினால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்வார்கள் என்று பல்கலைக்கழகம் நினைக்கிறதென்றால், அதன் மனசுக்குள் இருக்கிற வீடு எது என்று நாம் கேட்டாக வேண்டும். அது ஊரில் இருக்கிற வீடு. சேரியில் இருக்கிற வீடு அல்ல.

ஒவ்வொரு பருவத்திலும் முடிவுகள் வந்தவுடன் ஆசிரியர் அறைகளில் ஒரு பேச்சு எழும். ‘கோட்டாவுல வந்துடறானுங்க, படிக்க மாட்டேங்கறானுங்க, பாருங்க எத்தன அரியர்.’ இந்தப் பேச்சைப் பேசுகிறவர்கள் முட்டாள்கள் அல்ல. மதிப்பெண் பட்டியலை வாசிக்கத் தெரிந்தவர்கள். ஆனால் அந்தப் பட்டியலில் கடைசி இருபது நாள் எழுதப்படுவதில்லை. அந்த இருபது நாள் அந்த மாணவன் எங்கே படுத்தான், எதைத் தின்றான், யார் வயலில் நின்றான் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இல்லாததை நாம் எழுதித்தான் ஆக வேண்டும்.

2007இல் நான் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். அரசுக் கல்லூரி, அரசு விடுதி. பத்துப் பேர் இருக்க வேண்டிய அறையில் இருபது பேர் இருந்தோம். தண்ணி கிடையாது, கக்கூஸ் கதவு கிடையாது. அதைப்பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது வேறு. அந்த நாறின விடுதியில்தான் நாங்கள் படித்தோம். ஒருத்தன் வாசிக்க நாலு பேர் கேட்போம். ஒரே கைடு, ஆறு பேர். சீனியர் வந்து நன்னூல் சூத்திரத்துக்குப் பொருள் சொல்லிவிட்டுப் போவான். ராத்திரி ஒரு மணிக்கும் லைட்டு எரியும். சேரிப் பிள்ளை ஒருத்தன் விளக்கு வெளிச்சத்தில், வயிற்றில் சோறோடு, யாரும் கூப்பிட்டு வேலை ஏவாமல் உட்கார்ந்து படிக்கிற ஒரே இடம் அது.

அந்த இடத்தைத்தான் தேர்வுக்குச் சரியாக முன்னால் பூட்டினார்கள். கல்லூரியின் கடைசி வேலை நாளோடு மெஸ் மூடியது. வார்டன் சொன்ன விளக்கம் எளிமையானது: ‘வருகைப் பதிவேட்டுப்படிதான்பா சாப்பாட்டுக் காசு. காலேஜ் இல்லன்னா பதிவேடு இல்ல. பதிவேடு இல்லன்னா அடுப்பு இல்ல.’ அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் ஓர் அமைப்பின் வாயிலாகப் பேசினார். பாடம் நடத்துகிற நாளில் மட்டும் எங்களுக்குப் பசிக்கும் என்று அந்த அமைப்பு முடிவு செய்திருந்தது. தேர்வோ ஒரு மாதம் இழுத்தது. இன்றைக்கு ஒரு தாள், நாலு நாள் கழித்து அடுத்தது. ஒவ்வொரு தாளுக்கும் ஊரிலிருந்து முதல் பஸ். லீவு நாளில் பாஸ் செல்லாது என்று கண்டக்டர் இறக்கிவிடுவார். ஹால் டிக்கெட்டை நீட்டிச் சண்டை போட்டு ஏறினால் தேர்வுக்கூடத்துக்குப் போவதற்குள் பாதி மறந்துபோகும்.

சரி, வீடு. ஒற்றை அறை. அதில் ஆறு பேர், ரெண்டு ஆடு. நவம்பர் தேர்வு என்றால் வெளியே சம்பா நடவு. நாற்றங்கால் தயாராக நிற்கும். படிப்பு விடுமுறை என்று போனால் மறுநாள் காலையில் வாசலில் குரல் கேட்கும். ‘ஏண்டா, பையன் காலேஜ் லீவுல வந்திருக்கானாமே. நாத்துப் பறிக்க ஆளு கொறையுது, அனுப்பி வை.’ என் அப்பனைவிட இருபது வயது சின்னவன் அவன். அப்பன் ‘சரிங்க’ என்றார். வேறென்ன சொல்லுவார்? விதைநெல்லும் ஆஸ்பத்திரிச் செலவும் அந்த வீட்டில் வாங்கின கடன். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தை நான் நாற்றுக்கட்டு தூக்கிக்கொண்டுதான் மனப்பாடம் செய்தேன். புணர்ச்சி விதி பாதியில் நிற்கும், வரப்பு வழுக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஊரில் சாவு விழுந்தால் பறைக்கு ஆள் வேண்டும். பெரியவர்களுக்கு முடியவில்லை, இளவட்டமெல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டது. கண்ணில் படுகிறவன் லீவில் வந்த மாணவன்தான். ‘மாட்டேன்’ என்று சொன்னவனுக்கு என்ன நடந்தது என்பதற்கு ஒவ்வொரு சேரியிலும் ஒரு கதை இருக்கிறது. புறநானூற்றில் வருகிற பறையின் சிறப்பைப் பற்றி ஐந்து மதிப்பெண் வினா. அதற்குப் படிக்கிறவனின் கையில் சாவுப் பறை. தமிழ்த்துறையின் பெருமையெல்லாம் இந்த இரண்டு பறைகளுக்கும் நடுவில் கிடந்து நாறுகிறது.

ஏப்ரல் தேர்வு என்றால் வேறு கூத்து. அப்போது வீட்டில் ஆளே இருக்காது. முன்பணம் வாங்கின குடும்பங்கள் கரும்பு வெட்டப் போயிருக்கும், இல்லையென்றால் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்கு, நாங்கள் சேம்பர் என்போம், போயிருக்கும். விடுதியும் பூட்டு, வீடும் பூட்டு. சேம்பரில் அம்மா அப்பாவோடு தங்கி, விடியற்காலம் கல் அறுத்துவிட்டுப் பத்து மணிக்குமேல் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் உட்கார்ந்து படித்த பொருளாதார மாணவர்களை நான் அறிவேன். மேஸ்திரி கேட்பார்: ‘ஒரு ஆளு சும்மா ஒக்காந்து திங்குதே, கணக்குல சேக்கலாமா?’ கூலிக் கோட்பாடு பாடத்தில் ரெண்டாவது அலகு.

விடு என்கிற வேரிலிருந்துதான் விடுதி வந்தது, விடுமுறை வந்தது, விடுதலையும் வந்தது. எம்.ஏ. தமிழ் படித்ததில் எனக்குக் கிடைத்த ஒரு பயன் இது. விடுதியைப் பூட்டி விடுமுறை கொடுத்தால் நம் பிள்ளைக்கு விடுதலை பறிபோகிறது. ஊர்க்காரனுக்கு விடுமுறை என்பது வேலையிலிருந்து விடுபடுவது. நமக்கு அது மறுபடி வேலைக்குள், மறுபடி சாதிக்குள் விடப்படுவது.

1953இல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் அரைநாள் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அந்த வெற்றியை இன்றும் மேடைக்கு மேடை சொல்லுகிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் விடுதி பூட்டப்படுகிற ஒவ்வொரு படிப்பு விடுமுறையிலும் நம் மாணவன் முழுநாளும் அப்பன் தொழிலுக்குத்தானே அனுப்பப்படுகிறான்? ராஜாஜி அரைநாளாவது பள்ளிக்கு விட்டார். எந்த அரசாணையும் இல்லாமல், எதிர்ப்பும் இல்லாமல், நாட்காட்டியில் ஒரு சிவப்பு எழுத்தாக இது நடக்கிறது.

உடனே ஒரு கேள்வி வரும், அதுவும் நம் இடதுசாரித் தோழர்களிடமிருந்தே வரும். ‘வறுமை எல்லாச் சாதியிலும் இருக்கே தோழர், ஊர்ப்பக்கத்து ஏழைப் பையனும் இப்படித்தானே படிக்கிறான்?’ இருக்கிறது. அவனும் கஷ்டப்படுகிறான். ஆனால் அவனுக்குக் கோயில் மண்டபம் இருக்கிறது, கைகால் நீட்டி உட்கார்ந்து படிக்க. நூலகம் ஊருக்குள் இருக்கிறது; நாம் அங்கே போனால் ‘யார் வூட்டுப் பையன்?’ என்று ஒரு பார்வை. அவன் வாசலில் வந்து எவனும் அவன் அப்பனை ‘ஏண்டா’ என்பதில்லை. அவனைச் சாவுக்குப் பறையடிக்கக் கூப்பிடுவதில்லை. வறுமைக்கு விடுமுறை விடலாம். சாதிக்கு விடுமுறை இல்லை.

அது மட்டுமல்ல. நம் வீடு எரியக்கூடிய வீடு. 2012 நவம்பர் 7, தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு, தர்மபுரி நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள். நகையும் நெல்லும் மட்டுமா எரிந்தன? சான்றிதழ்களும் புத்தகங்களும் எரிந்தன. நவம்பர் என்பது கல்லூரித் தேர்வுக் காலம் என்பதை அப்போது எத்தனை பத்திரிகைகள் எழுதின? நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அவன் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதி, 469 மதிப்பெண் வாங்கிக் காட்டினான். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவனைப் பொதுத்தேர்வுக்குப் போகிற வழியில் பஸ்ஸிலிருந்து இழுத்துப்போட்டு விரல்களை வெட்டினார்கள். எழுதுகிற விரல்கள். ‘வீட்டுக்குப் போய்ப் படி’ என்று சொல்லுகிறவர்கள் இந்த வழியையும் வீட்டையும் கணக்கில் வைத்துக்கொண்டு சொல்லட்டும்.

நம் வீட்டுக்குள்ளேயும் பார்க்க வேண்டும். ஆண்பிள்ளை லீவில் வந்தால் வயலுக்குப் போகிறான் என்றேன். பெண்பிள்ளை வந்தால்? அம்மா அதுவரைக்கும் தூக்கின பாரமெல்லாம் அவள் தலைக்கு மாறும். தண்ணி, சோறு, துணி, தம்பிமார். இதற்கு நடுவில் மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், அவளுக்கு லீவு என்பதே அதற்கு வசதியான நாள். ‘பொட்டப்புள்ள, ரெண்டு மார்க்கு கொறஞ்சா என்னா’ என்று சொல்லுகிற வாய் ஊர்க்காரன் வாய் அல்ல, நம் வாய். விடுதியில் விளக்கை அணைக்காமல் படித்த பெண் வீட்டில் அடுப்பு வெளிச்சத்தில் நோட்டைப் பிரிக்கிறாள். இதைப் பேசாமல் பார்ப்பனியத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பாதிதான் பேசினதாக ஆகும்.

‘அம்பேத்கர் ஒற்றை அறையில் படிக்கலையா?’ என்று இன்னொரு கூட்டம் கேட்கிறது. படித்தார். பம்பாய் பரேலில் தொழிலாளர் குடியிருப்பின் ஒரே அறையில், அப்பா ராம்ஜி விடியற்காலை இரண்டு மணிக்கு எழுப்பிவிடப் படித்து, 1907இல் மெட்ரிக் தேறினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். அந்தக் கதையை நம் பிள்ளைகளை வெட்கப்படுத்தச் சொல்லுகிறவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. அப்படிப் படித்து மேலே வந்த மனிதர் மற்ற பிள்ளைகளைப் பார்த்து ‘நீயும் ரெண்டு மணிக்கு எழுந்திரு’ என்று சொல்லவில்லை. 1924இல் பகிஷ்கிரித் ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். 1925இல் சோலாப்பூரில் அந்தச் சபை மாணவர் விடுதி திறந்தது. 1946இல் சித்தார்த்தா கல்லூரி வந்தது. ஒற்றை அறையின் கொடுமையை அனுபவித்தவர், அந்த அறையிலிருந்து பிள்ளைகளை வெளியே கொண்டுவர இடம் கட்டினார். இங்கே சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். படிக்க இடம், தங்க இடம் என்பது அரசாங்கம் போட்ட பிச்சை அல்ல. நம் முன்னோர்கள் கண்டுபிடித்த ஆயுதம். அரசாங்கம் அதை வாங்கிவைத்துப் பூட்டுப் போட்டிருக்கிறது.

2023இல் கல்லூரி விடுதி மாணவருக்கான மாத உணவுப் படியை 1100 ரூபாயிலிருந்து 1500 ரூபாயாக உயர்த்துவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. 2025 ஜூலையில் அரசு நலத்துறை விடுதிகளுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றம் அறிவித்தார்கள். பெயரில் சாதி இல்லாமல் போவது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் சமூகநீதி என்று போர்டு மாட்டின கட்டடத்தின் கதவில் தேர்வு நேரத்தில் பூட்டுத் தொங்கினால், பூட்டப்பட்டிருப்பது எது? நாமக்கல் வட்டாரத்துப் பணக்கார உறைவிடப் பள்ளிகளில் விடுமுறை என்பதே கூடுதலாகப் படிப்பதற்கு. காசு கொடுத்தவன் பிள்ளைக்குத் தேர்வு நெருங்க நெருங்க விடுதி இறுகுகிறது. நம் பிள்ளைக்குத் தேர்வு நெருங்கினால் விடுதி கழன்றுபோகிறது. ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வித்தாள். இதற்குப் பேர் தகுதி.

விடுதியிலிருந்து வெளியே தள்ளப்படுவது என்றால் என்ன என்பதை ஐதராபாத்தில் ரோஹித் வெமுலாவும் அவன் தோழர்களும் நமக்குக் காட்டினார்கள். அறையை இழந்த அவர்கள் வளாகத்தில் போட்ட கூடாரத்துக்கு ‘வெளிவாடா’ என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் அது சேரி. 2016 ஜனவரி 17இல் நாம் அவனை இழந்தோம். அவர்களைத் தண்டனை என்று சொல்லி அனுப்பினார்கள். இங்கே லீவு என்று சொல்லி அனுப்புகிறார்கள். போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான்.

ஆகவே நாம் கேட்பது கருணை அல்ல. கடைசித் தேர்வின் கடைசி மாணவன் எழுதி முடித்து வருகிற நாள்வரை விடுதி திறந்திருக்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும். உணவுப் படியைக் கல்லூரி வேலை நாளோடு கட்டாதே, பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணையோடு கட்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்குப் போக விரும்பாதவன், போக முடியாதவன் தங்க உரிமை வேண்டும். பெண்கள் விடுதிக்கு இது முதலில் வேண்டும். கல்வி உதவித்தொகை படிப்பு முடிந்தபிறகு வந்து யாருக்கு ஆகிறது? தேர்வுக் கட்டணம் கட்டுகிற நாளுக்கு முன்னால் கையில் கொடு.

நம் அமைப்புகளுக்கும் ஒரு வார்த்தை. ஏப்ரல் 14 தேர்வுக் காலத்தில்தான் வருகிறது. பந்தல் போடுகிறோம், மூன்று நாள் ஒலிபெருக்கி கட்டுகிறோம், சுவரொட்டி ஒட்ட மாணவர்களைத்தான் கூப்பிடுகிறோம். பந்தல் போடுங்கள். அந்தப் பந்தலுக்கு நாலு டியூப் லைட்டு கட்டி, பாயை விரித்து, ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, தேர்வு முடிகிறவரைக்கும் பிரிக்காமல் விடுங்கள். தெருவில் படித்து முடித்த ரெண்டு பேர் பக்கத்தில் உட்காருங்கள். ‘ஆளு கொறையுது, பையன அனுப்பு’ என்று எவன் வந்து கேட்டாலும் பதில் சொல்ல அப்பன் ஒருத்தரைத் தனியாக விடாதீர்கள். தெருவே எழுந்து நின்று சொல்லட்டும்: ‘பையனுக்குப் பரீட்சை. வரமாட்டான்.’