மாத்திரையை நிறுத்தலாமா?

எருமப்பட்டிச் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "யாரோ காதில் பேசுவதாகப் பயந்துகொண்டிருந்த என் நாத்தனாருக்கு மாத்திரையால் குணம் தெரிகிறது. வரன் பார்ப்பதால் அதை நிறுத்திவிடச் சொல்கிறார் மாமியார். செய்யலாமா?"

கூடவே கூடாது, சகோதரி! காரணத்தைக் கேளுங்கள். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் சித்தப் பிரமையைத் தணிக்கும் என்று 1931-ல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1952-ல் ஸ்விட்ஜர்லாந்தில் அதன் சத்தைப் பிரித்தெடுத்து 'ரெசர்பின்' என்று பெயரிட்டார்கள். ஸ்வீடன் விஞ்ஞானி கார்ல்ஸன் அதை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசையாமல் கிடந்தன. 'டோபா' என்ற பொருளைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின! மூளையில் 'டோபமின்' என்ற ரசாயனத்துக்கு உள்ள வேலை இப்படித்தான் விளங்கியது. 2000-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ரெசர்பினை இன்று மனநோய்க்குக் கொடுப்பது அரிது. ஆனால், இல்லாத குரலைக் கேட்கவைக்கும் நோய்க்கான மாத்திரைகள் பெரும்பாலும் டோபமினின் வேகத்தைத் தணிப்பவையே. திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். கை நடுங்கினாலோ, உடம்பு பருத்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றிக் கொடுப்பார். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணிலும் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

நாத்தனாரின் சம்மதத்தோடு வரன் வீட்டாரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதை யாரும் ஒளிப்பதில்லையே!