கட்டி அனுப்பும் கலை

வெளியூரில் படிக்கும் பிள்ளைக்குத் தாய் பலகாரம் கட்டி அனுப்புவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எது நொறுங்கும், எது கசியும், எது மூன்றாம் நாள் ஊசிப்போகும் என்பதெல்லாம் அவளுக்கு நன்கு தெரியும். பெட்டி வண்டியேறிய பின்னர் தன் கை அங்கே எட்டாது என்பதை அறிந்தவள் ஆதலால், வழியில் நேரக்கூடியவற்றை எல்லாம் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, அதற்கேற்பக் கட்டுகிறாள். இன்றைய விஞ்ஞானத்தின் மிக நுட்பமான ஆராய்ச்சிகளுள் ஒன்று இதே அறிவை நம்பித்தான் நடைபெறுகிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

உணவைச் செரிக்கச் செய்வதும், இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதும், நோய்க் கிருமியை எதிர்ப்பதும் நம் உடலிலுள்ள புரதங்களே. ஒரு புரதத்தின் உருவத்தை அறிந்தால் அது வேலை செய்யும் விதத்தை அறியலாம். அந்த வேலையைத் தடுக்கவோ தூண்டவோ வல்ல மருந்தையும் தேடலாம். சாதாரண நுணுக்குக்காட்டிக்கு அகப்படாத அவ்வுருவத்தைக் காண விஞ்ஞானிகள் கைக்கொள்ளும் வழிகளுள் ஒன்று, புரதத்தைப் பளிங்காக விளைவித்து அதனூடே எக்ஸ்-கதிரைச் செலுத்துவதாகும். சிதறும் கதிர்கள் பதிக்கும் புள்ளிகளை அளந்து, கணித முறையால் உருவத்தை வகுத்து எடுக்கிறார்கள்.

இத்துறையின் தொடக்கத்திலேயே ஒரு பிரயாணக் கதை இருக்கிறது. சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில், பெப்சின் என்னும் செரிமானப் புரதத்தின் பளிங்குகள் அழகாக விளைந்திருந்தன. அங்கு வந்திருந்த ஒரு விஞ்ஞானி, அவற்றில் சிலவற்றை அவை விளைந்த திரவத்துடனேயே ஒரு சிறு குழாயில் இட்டு, தம் மேற்சட்டைப் பையில் வைத்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகருக்குக் கொண்டு சென்றார். அங்கே பேராசிரியர் பேர்னால் ஒரு பளிங்கை வெளியே எடுத்து உலர்ந்த நிலையில் சோதித்தபோது, பயன் எதுவும் கிட்டவில்லை. உலர்ந்ததனால் பளிங்கின் ஒழுங்கு குலைந்துவிட்டது என்பதை உணர்ந்த அவர், மற்றொன்றை அதன் தாய்த் திரவத்துடனேயே மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்துக் கதிரில் வைத்தார். புள்ளிகள் தெளிவாகத் தோன்றின! அவரும், பிற்காலத்தில் 1964-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு பெற்ற டோரதி ஹொட்ஜ்கினும் அந்த வெற்றியை 1934-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார்கள். பளிங்கு ஒன்றே, கதிரும் ஒன்றே. ஆயத்தம் செய்த முறையே வேறு.

இன்று இந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய கதிர், ஊருக்கு ஊர் கிடைப்பதில்லை. சிங்குரோத்திரன் என்னும் மாபெரும் யந்திரத்தில், இலத்திரன்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வளையமாக ஓடும்போது மிக வலிமையான எக்ஸ்-கதிர்கள் பிறக்கின்றன. இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் நகருக்குத் தெற்கே ஹார்வெல் என்னும் இடத்தில், 2007-ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சியாளருக்குப் பயன்பட்டுவரும் ‘டயமண்ட்’ நிலையத்தின் வளையம் சுமார் 562 மீற்றர் சுற்றளவுடையது. பிரான்சு நாட்டின் கிரனோபிள் நகரிலுள்ளது 844 மீற்றர். இத்தகைய நிலையத்தை ஒவ்வொரு சர்வகலாசாலையும் அமைத்துக்கொள்ள இயலாது. ஆகவே ஆராய்ச்சியாளர் விண்ணப்பம் செய்கின்றனர்; அறிஞர் குழு அதன் தகுதியைப் பார்த்துச் சில மணி நேரத்தை ஒதுக்குகிறது. அந்நேரத்தில் விஞ்ஞானி அங்கே போகவேண்டியதில்லை. பளிங்கு போனாற் போதும்!

பளிங்கைப் பிரயாணத்துக்கு ஆயத்தம் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

புரதப் பளிங்கு கற்கண்டு போன்றதன்று. அதன் நிறையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கலாம், தொட்டாற் சிதையும், காற்றுப் பட்டால் உலரும். வலிமையான கதிர் பட்டாலோ விரைவில் பழுதாகும். இக்கேட்டைப் பெரிதும் தாமதப்படுத்துவது குளிர் ஒன்றே. ஆனால் வெறுமனே குளிரவைத்தால், உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி, விரிந்து, பளிங்கை உடைத்துவிடும். இதற்காகவே கிளிசரோல் போன்ற ஒரு பொருளை அளவாகச் சேர்த்து, பளிங்கைத் திரவ நைதரசனில் சட்டென்று அமிழ்த்துகிறார்கள். 0 பாகைக்குக் கீழ் 196 பாகைக் குளிரில், நீர் பனிக்கட்டியாவதற்கு அவகாசமின்றிக் கண்ணாடி போல இறுகிவிடுகிறது. உயிரணுவில் புரதங்களை உண்டாக்கும் ரைபோசோமின் பளிங்குகளை இவ்வாறு குளிர்விக்கும் முறையில், 1980-களில் இஸ்ரவேல் விஞ்ஞானி அடா யோனத் பெரும்பணி ஆற்றினார். அந்த ரைபோசோமின் உருவத்தைக் கண்டதற்காக 2009-ஆம் ஆண்டு அவருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவருள் ஒருவர், சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் என்பது நம் மாணவர் அறிந்ததே.

ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கே இருக்கும் பளிங்கை, தலைமயிரினும் மெல்லிய நைலோன் இழையாலான ஒரு கண்ணியால் ஏந்தி எடுக்கிறார்கள். அக்கண்ணி ஒரு சிறு ஊசியின் நுனியில் இருக்கும். ஊசிகள் பதினாறு, ஒரு வட்டத் தட்டிலே தத்தம் குழிகளில் அமர்கின்றன. அத்தகைய தட்டுகள் ஏழினை ஒரு தாங்கியில் அடுக்கினால், ஒரே பெட்டியில் 112 பளிங்குகள் போகலாம். இத்தனை வேலையும் திரவ நைதரசனுக்குள்ளேயே நடக்கவேண்டும். ஊசி ஒரு கணம் வெளியே எட்டிப் பார்த்தாலும் காற்றின் ஈரம் அதன்மேல் உறைபனியாகப் படியும். பல மாத உழைப்பு அவ்வளவில் முடிந்துபோம். நம்முடையவை போன்ற ஈரக்காற்று மிகுந்த நாடுகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

இனிப் பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். தேர்மஸ் போத்தலைப் போல இரட்டைச் சுவருடைய ஓர் அலுமினியப் பாத்திரம் அது. அதன் உட்புறத்தே, கடற்பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோலத் திரவ நைதரசனை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு பொருள் நிரப்பப்பட்டிருக்கும். அப்பொருள் நன்றாக ஊறுமட்டும் பலமுறை ஊற்றி, மணிக்கணக்காக வைத்திருந்து, பின்னர் மிஞ்சிய திரவம் முழுவதையும் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். உள்ளே ததும்பும் திரவம் இல்லாமையினாலேயே அதனை ஆகாய விமானத்தில் ஏற்ற இடமுண்டு. நல்ல பாத்திரம் ஒரு வாரத்துக்கு மேலும் குளிரைக் காக்கும். ஆனால் பழுதுற்ற பாத்திரமும் வெளிப்பார்வைக்கு நல்லது போலவே இருக்கும். ஆதலால் விவேகமுள்ளவர்கள், அனுப்புவதற்கு முன்பே வெறும் பாத்திரத்தை நிரப்பி, நாள்தோறும் தராசில் நிறுத்து, நைதரசன் எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள். பெட்டியைப் படுக்கவைத்தாலும் குளிர் விரைவில் வெளியேறும். அதனாலேயே வெளிப்பெட்டியின் தலையைக் கூம்பாகச் செய்து, சாய்த்து வைக்க முடியாதபடி அமைக்கிறார்கள். சுமப்பவர் எச்சரிக்கையைப் படிக்காவிட்டாலும் பெட்டியின் வடிவமே அவருக்குப் புத்தி சொல்லும்!

அடுத்தது கடிதமும் கணக்கும். பளிங்கு எந்தப் பொருளால் ஆனது, நஞ்சு உண்டா, நோய் பரப்புமா என்பதை நிலையத்துக்கு முன்னதாகவே உண்மையாக எழுதி அறிவிக்கவேண்டும். அங்கே வேலை செய்வோரின் உயிர்ப் பாதுகாப்பு அது. சுங்கப் பகுதியினருக்குரிய பத்திரங்களும், பெட்டி திரும்பி வருவதற்கான விலாசச் சீட்டும் கூடவே செல்லவேண்டும். எந்தத் தட்டில், எத்தனையாம் குழியில், எந்தப் பளிங்கு என்ற பட்டியல் பிசகின்றி இருத்தல் வேண்டும். அங்கே ஊசியை எடுப்பது யந்திரக்கை. மூன்றாம் குழி என்றால் மூன்றாம் குழியைத்தான் அது எடுக்கும். எழுதியவர் மனத்தில் நினைத்தது நான்காம் குழி என்பதை அது அறியாது.

குறித்த நாளில் விஞ்ஞானி தம் மேசையில், கணினியின் முன் அமர்கிறார். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் யந்திரக்கை பளிங்கை எடுத்துக் கதிரின் முன் நிறுத்துகிறது. அவர் கட்டளையிட, அது மெல்லச் சுழல்கிறது. சில நிமிடங்களுக்குள்ளேயே முழு அளவைகளும் வந்து சேர்கின்றன. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றினால் உலகம் கதவடைத்திருந்தபோது, ஹார்வெல் நிலையம் அந்நோய் பற்றிய ஆய்வுக்காகத் தொடர்ந்து இயங்கியது. ஆராய்ச்சிக்காரர் வீட்டிலிருக்க, அவர்களுடைய பளிங்குகள் கதிரைக் கண்டன.

எனினும், எத்தனை வலிமையான கதிரும் வழியில் உருகிய பளிங்கை மீட்டுத்தராது. எத்தனை விரைவான கணினியும் மாறி எழுதிய பெயரைத் திருத்தாது. பெட்டியின் மூடி சாத்தப்பட்ட அக்கணத்தோடு அனுப்பியவரின் அதிகாரம் முடிகிறது. ஒதுக்கிய மணி நேரம் கடந்தால், மறுமுறைக்குப் பல மாதம் காத்திருக்க நேரலாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்!

தூர தேசத்துக்குப் பத்திரமாய் அனுப்பும் கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. டொக்டர் ஹட்சன் சில்வா ஆரம்பித்த கண்தான இயக்கம், 1964-இல் முதன்முறையாகச் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது. அவை சென்றது பனிக்கட்டி இட்ட ஒரு தேர்மஸ் போத்தலில்! பிறகு எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேர் இலங்கையர் ஈந்த கண்ணால் ஒளி பெற்றனர். கொடுத்தவரின் ஈகை பெரிது. அதனைக் கெடாமல், நேரந் தவறாமல் கொண்டு சேர்த்தவர்களின் கவனமும் அதற்குச் சிறிதும் குறைந்ததன்று.

‘நம்மிடம் பெரிய யந்திரம் இல்லையே, நாம் என்ன ஆராய்ச்சி செய்வது?’ என்று ஏங்கும் மாணவர் நம்மிடையே பலர். யந்திரம் தூரத்தே இருக்கலாம். இனி அது பெருந்தடையன்று. விண்ணப்பத்தைத் தகுதியாக எழுதவும், புரதத்தைச் சுத்தமாகப் பிரித்துப் பளிங்காக்கவும், குளிரைக் காத்து அனுப்பவும் வல்ல கைகள் நம்மிடம் இருக்கின்றனவா என்பதே கேள்வி. அந்தப் பயிற்சி சர்வகலாசாலையில் தொடங்குவதன்று. பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலே சோதனைக் குழாய்க்குச் சீட்டு ஒட்டி, நாளும் பெயரும் எழுதி வைக்கும் பழக்கத்தில் அது தொடங்குகிறது. சீட்டு இல்லாத குழாயை நாளை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுச் செல்லும் மாணவனே, அந்தச் சீட்டை இன்றைக்கே ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போ.