பிரம்பை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?



சென்ற மாதம் எம் மதரஸாவுக்கு ஒரு தந்தை வந்தார். எம்மோடு ஒரே பாயில் அமர்ந்து அலிஃப், பே ஓதியவர். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருப்பவர். பதினொரு வயது மகனை முன்னால் நிறுத்தி, "போனை விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குறான் ஹஜ்ரத். நம்ம காலத்துல இருந்த பயம் இவனுக்குக் கொஞ்சமும் இல்லை. கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்றார். நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட வாசகம் இது. எம் அத்தாவும் இதைச் சொல்லித்தான் எம்மை உஸ்தாதிடம் ஒப்படைத்தார்கள்.

இரண்டு நாள்களுக்கு முன்புதான், ஒரு வலீமா விருந்தில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து, அவரும் நாமும் பழைய காலத்தைப் பேசிக் களித்திருந்தோம். ஃபஜ்ருக்குப் பின் ரைஹாலை இடுக்கிக்கொண்டு இருட்டில் ஓதப் போனது; ஹவ்ழில் உளூச் செய்வதாகச் சொல்லி மீன்களுக்குப் பொரி போட்டது; ரமளானில் அஸருக்குப் பின் தூக்குவாளியோடு கஞ்சிக்கு வரிசையில் நின்றது; நகரா ஒலி கேட்கும்வரை பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது; நாகூர் ஹனிபா அவர்களின் குரல் தேநீர்க் கடையிலிருந்து தெரு முழுதும் பரவியது; சபரில் இருக்கும் அத்தாவின் குரல் ஒலிநாடாவில் வந்து சேர, அண்டை வீட்டார் உட்பட அனைவரும் டேப் ரிக்கார்டரைச் சூழ்ந்து அமர்ந்து அழுதது. இவற்றில் ஒன்றும் பொய்யில்லை. அந்தக் கஞ்சியின் மணம் இன்றும் எம் மூக்கில் இருக்கிறது.

ஆயினும், இத்தனையும் பேசிவிட்டு அவர் தம் மகனுக்காக எம்மிடம் கேட்டது கஞ்சியையன்று, ஹவ்ழையன்று, ஃபஜ்ரின் இருட்டில் உடன் நடந்த அத்தாவின் கையையுமன்று. பிரம்பை மட்டுமே கேட்டார். நம் தலைமுறையின் மீது நாம் வைக்கும் குற்றச்சாட்டு இதுதான். சிறு வயதில் நமக்குக் கிடைத்த நல்லவற்றையெல்லாம் நினைவாக்கி நாமே வைத்துக்கொண்டோம். கெட்டதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதி வைக்கப் பார்க்கிறோம்.

பிரம்பைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். அதைப் பிடித்த கை எம்முடையது. ஏழு வயதில் தொழ ஏவுங்கள், பத்து வயதில் தொழாவிட்டால் அடியுங்கள் என்னும் கருத்தமைந்த ஹதீஸை எம்மிடம் எடுத்துக்காட்டுவோர் உண்டு. அந்த ஏழுக்கும் பத்துக்கும் இடையில் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. நாள் ஒன்றுக்கு ஐந்து நேரம், பிள்ளையின் தோளைத் தொட்டு எழுப்பி, உடன் நிறுத்தித் தொழ வைத்த தந்தையை எண்ணிச் சொல்லப்பட்டது அது. அந்த மூன்று ஆண்டுகளும் அபூதாபியில் இருந்துவிட்டு நான்காம் ஆண்டில் பிரம்புக்கு ஆள் தேடுவோருக்காகச் சொல்லப்பட்டதன்று. மேலும், காயமும் தழும்பும் உண்டாகும்படி அடிப்பதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்ததில்லை. நம் முதுகில் விழுந்தவை அந்த வரம்புக்குள் இருந்தவையா என்பதை அவரவர் முதுகே அறியும்.

எதற்காக அடிபட்டோம் என்பதையும் நினைவுகூர்வது நலம். தொழுகைக்காக அடிபட்டது அரிது. 'ளாத்' சரியாக வரவில்லை என்றும், 'ஐன்' தொண்டையிலிருந்து எழவில்லை என்றும்தான் அடிபட்டோம். குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமத்தோடு ஓதுவோருக்கு இரு கூலிகள் உண்டு என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான நபிமொழி. அல்லாஹ் இரு கூலி தருவதாகச் சொன்ன திணறலுக்கு நம் ஊர் இரண்டு அடி கொடுத்தது. பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்கள் தம்மை ஒருமுறைகூடச் 'சீ' என்று சொன்னதில்லை என அறிவிக்கிறார்கள். அவர் பணிக்கு வந்தபோது சிறுவர். சுன்னத்தைப் பேசும் நாவுகள் இந்த ஹதீஸை மட்டும் மதரஸா வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிடுகின்றன.

எம் உஸ்தாதைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அல்லாஹ் அவர்களுடைய கப்ரை விசாலமாக்குவானாக. ஊர் அவர்களுக்குக் கொடுத்தது வீட்டுக்கு வீடு முறைச்சோறும், மாத இறுதியில் கேட்டு வாங்க வேண்டியிருந்த சொற்பச் சம்பளமும். முறை வீட்டிலிருந்து சோறு வராத நாள்களில் பிரம்பு சற்று வேகமாக விழுந்தது என்பதைச் சிறுவர்களாகிய நாங்களே கண்டுபிடித்து வைத்திருந்தோம். அந்தக் காலத்தைப் புகழ்வோர் அந்தப் பசியையும் சேர்த்துப் புகழ்வார்களா?

நாமும் ஆசிரியரான தொடக்கத்தில் அதே வழியில் நடந்தோம். ஒரு சிறுவனுக்கு யாஸீன் சூரா மனத்தில் தங்கவில்லை. உள்ளங்கையில் இரண்டு போட்டோம். மறுநாள் அவன் வரவில்லை. பிறகு எப்போதும் வரவில்லை. இன்று அவன் கடைவீதியில் எம்மைக் கண்டால் மரியாதையாக ஸலாம் சொல்லிவிட்டு எதிர்ச்சாரிக்கு நகர்ந்துவிடுவான். குர்ஆனை அவன் மீண்டும் திறந்தானா என்று கேட்கும் துணிவு எமக்கு இன்னும் வரவில்லை. "அடி வாங்கினோம், நன்றாகத்தானே இருக்கிறோம்" என்பவர்கள், அடி வாங்கியும் தங்கியவர்கள். தங்காதவர்கள் நம் சஹனைச் சுற்றி அமர்ந்து கதை சொல்ல வருவதில்லை.

சஹனைச் சுற்றி அமராத வேறு சிலரும் உண்டு, நம் தாய்மார்கள். 'எங்கள் காலம் பொற்காலம்' என்று எம் அம்மா சொல்லி நாம் கேட்டதில்லை. ஐந்தாம் வகுப்போடு அவர்கள் நிறுத்தப்பட்டார்கள். நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் மூன்றாம் வகுப்பு வரையே பள்ளி சென்று, 1938இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார்கள், உ.வே.சாமிநாதையர் அதற்கு முன்னுரை தந்தார். அத்தகைய ஒருவர் நம்மிடையே தோன்றிய பின்னும், எத்தனையோ ஆண்டுகளுக்கு நம் தெருக்களில் பெண்பிள்ளைகள் பெரியவர்களானதும் பள்ளிப்பையைப் பரணில் போட்டார்கள். 'ஓதுவீராக' என்று தொடங்கிய வஹீயை நம்பும் சமுதாயம் நாம். பெண்ணுக்கு மஹர் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், அவளிடமே கைக்கூலி வாங்கி நடந்த திருமணங்களும் அந்தப் பொற்காலத்தவைதாம். மூதாதையரை எந்த வழியில் கண்டோமோ அதையே பின்பற்றுவோம் என்று கூறியவர்களை, அவர்கள் எதையும் விளங்காதவர்களாய் இருந்தாலுமா என்று அல்பகரா அத்தியாயம் கேட்கிறது. அந்தக் கேள்வி மக்காவோடு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்.

(மவ்லிது, கத்தம் முதலிய பழைய வழக்கங்களைப் பற்றிய வாதத்தை இங்கே திறக்கவில்லை. அதற்குப் பள்ளிவாசல் திண்ணைகள் ஏற்கெனவே போதிய அளவு சூடாக இருக்கின்றன.)

அப்படியானால் அந்தக் காலத்தில் காக்கத் தக்கது ஏதுமில்லையா? இருந்தது. அதைத்தான் கைநழுவ விட்டோம். எம் நன்னி ரேஷன் அட்டைக்குக் கைநாட்டு வைத்தவர்கள். அரசின் கணக்கில் எழுத்தறியாதவர். ஆனால் மக்ரிபுக்குப் பின் விளக்கருகே அமர்ந்து, கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் மஙானியை அரபுத் தமிழில் வாசித்து, உளூவின் ஃபர்ளுகளையும் தொழுகையை முறிப்பவற்றையும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு விளக்குவார்கள். தமிழின் ஒலிகளுக்காக அரபு எழுத்தில் புள்ளிகளைக் கூட்டி அமைத்த அந்த எழுத்துமுறையில் நன்னியின் விரல் தடையின்றி ஓடும். ஒருநாள் எம்மை அழைத்து, "வாப்பா, நாலு வரி பழகிக்கோ, எனக்குப் பின்னாடி வாசிக்க ஆள் வேணும்ல?" என்றார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு இருக்கிறதென்று சொல்லி ஓடினோம். அந்த நூல் இப்போது எம் வீட்டுப் பேழையில் இருக்கிறது. பட்டயம் பெற்ற நாம், எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் வாசிக்க அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிறோம். இந்த மரபை அறுத்தவர்கள் கைப்பேசிப் பிள்ளைகளா? அவர்கள் பிறப்பதற்கு முன்பே அது எம் கையில் அறுந்துவிட்டது.

காலை மக்தபை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வேன் ஏழேகாலுக்கு வருகிறது. அதனால் ஃபஜ்ருக்குப் பின் ஓதல் வேண்டாம் என்று நிர்வாகத்திடம் மனுக் கொடுத்தது எந்தச் சிறுவன்? மாலையில் டியூஷன் போக எஞ்சும் நாற்பது நிமிடத்தில் குர்ஆனை அடக்கச் சொன்னது யார்? விளையாடிய திடலை மனையாகப் பிரித்து விற்றோம். திண்ணையை இடித்து இரும்புக் கதவு வைத்தோம். ஊருக்கு வரும்போது கைப்பேசியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததும் நாம்தான். பிள்ளை அதைக் கேட்கும் முன்பே கொண்டுவந்தோம், அருகில் இல்லாத குற்றவுணர்வைத் தீர்க்க. பிறகு 'காலம் கெட்டுவிட்டது' என்கிறோம். ஆதமின் மகன் காலத்தை ஏசி என்னை நோவிக்கிறான், காலம் என் கையில் இருக்கிறது என்று அல்லாஹ் கூறுவதாக வரும் ஹதீஸ் குத்சியைச் சஹனைச் சுற்றி எவரும் நினைவூட்டுவதில்லை. அன்று நாமும் நினைவூட்டவில்லை.

அந்தத் தந்தையிடம் இவற்றில் பாதியைத்தான் சொன்னோம், மகன் நின்றுகொண்டிருந்தான். பிரம்பு எம்மிடம் இல்லை என்றும், விடுமுறை முடியும்வரை மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே அவரும் வந்து மகனருகே அமர்ந்து ஓத வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டோம். "நானா? எனக்கே மறந்துபோச்சு ஹஜ்ரத்" என்றார். இருவருக்கும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்தோம். முதல் நாள் தந்தை 'ளாத்'தில் தடுக்கி நின்றார். மகன் சிரிக்கவில்லை; மெல்லிய குரலில் எடுத்துக் கொடுத்தான்.

மூன்று நாள்கள் வந்தார். நான்காம் நாள் ஏதோ மனைப் பத்திரப்பதிவு என்று செய்தி அனுப்பினார். பையன் மட்டும் வந்து, பக்கத்தில் ஒருவர் அமரும் அளவுக்குப் பாயில் இடம் விட்டு உட்கார்ந்தான்.