ஊருக்குத் திரும்பிய கால்கள்

"என்னிக்காவது ஊருக்கே போயிடணும்" என்று சொல்லிச் சொல்லியே நமக்கெல்லாம் வயசாகிறது. ஸ்பெயின் கால்பந்து வீரர் சான்டி கசோர்லாவைப் பாருங்கள். நடுக்கள ஆட்டக்காரர். 2003-ல் சொந்த ஊர்ப்பக்கத்து ஒவியேடோ கிளப் கடனில் தத்தளித்தபோது, 18 வயதில் வெளியூர் போனார். 2008, 2012 யூரோ கோப்பைகள், ஆர்சனல் என்று பெரிய வாழ்க்கை. நடுவில் கணுக்காலில் கிருமித் தொற்று. நடந்தாலே அதிர்ஷ்டம் என்றார்கள் டாக்டர்கள்.

2023-ல் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஒவியேடோவுக்கே திரும்பினார். 2025 ஜூனில், 40 வயதில், பிளே-ஆஃப் இறுதியில் பெனால்டி கோல் போட்டார். 24 வருஷத்துக்குப் பிறகு அணி லா லிகாவுக்கு ஏறியது.

அவரிடம் காசு இருந்தது, நமக்கு இஎம்ஐ இருக்கிறது என்பீர்கள். நியாயம்தான். ஆனால் பி.எஃப். பணத்தோடும் முட்டிவலியோடும் போய் இறங்கினால் ஊருக்கு நம்மால் என்ன லாபம்? கொடுக்க ஏதாவது மிச்சமிருக்கும்போதே போகணும். நீங்க என்ன சொல்றீங்க?