பூசியதா, ஆனதா? உடலுக்குள் போகும் பொருளை யார் பரிசோதிக்கிறார்கள்?

பாலியல் சாதனங்கள் சுங்கத்தில் பிடிபட்டன என்ற செய்தி நம் நாட்டில் அவ்வப்போது வரும். எத்தனை பொதிகள், பெறுமதி எத்தனை இலட்சம் ரூபா, எந்த நாட்டிலிருந்து வந்தவை, யார் பெயருக்கு வந்தவை என்பதெல்லாம் அதில் இருக்கும். அவை எந்தப் பொருளால் செய்யப்பட்டவை என்று நான் வாசித்த எந்தச் செய்தியிலும் இல்லை. உடலின் மிக மென்மையான பகுதிக்குள் போகும் ஒரு பொருளைப் பற்றி அரசு விசாரிக்கும் ஒரே கேள்வி, அது ஆபாசமா என்பதுதான். நஞ்சா என்று விசாரிப்பதற்கு எந்தத் திணைக்களத்திலும் ஒரு மேசை கிடையாது.

இப்படியொரு விடயத்தை நமது வாசகர்களுக்கு எழுத வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், நுண்கடன் என்று எழுத எவ்வளவோ இருக்கும்போது இதுவா? இதுவும்தான். 2010இல் அரசு சொன்ன கணக்கின்படி வடகிழக்கில் போர் விதவைகள் 89,000 பேர். அவர்களில் 49,000 பேர் கிழக்கில். இருபதுகளிலும் முப்பதுகளிலும் துணையை இழந்த பெண்கள் அதில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கணவன் உயிரோடு இருந்தும் முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போன வீடுகள் இந்தக் கணக்கில் வராது. கணவன் கட்டாரிலோ சவூதியிலோ ஆண்டுக்கணக்கில் இருக்கும் வீடுகளும் வராது. இவர்களுக்கு உழைப்பும் கடனும் பிள்ளைகளும் இருப்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். உடலும் இருக்கிறது என்பதை மட்டும் ஊர் ஒப்புக்கொள்ளாது.

மட்டக்களப்பு வாவியின் படுவான்கரைப் பக்கக் கிராமங்களில் பெண்களின் உடல்நலம் பற்றிச் சில வருடங்களாக விவரம் திரட்டி எழுதி வருகிறேன். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதையில் ஏறி வாவியைக் கடந்து வைத்தியசாலைக்குப் போன ஊர்கள் அவை. இன்று அதே ஊர்களுக்குக் கூரியர் மோட்டார் சைக்கிள் வந்து போகிறது. முகநூலில் விளம்பரம், கைபேசியில் ஓடர், வாசலில் காசு. பொதியின் மேல் 'மசாஜர்' என்றோ 'அழகுசாதனம்' என்றோ எழுதியிருக்கும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரின் பெட்டிக்குள்ளும் வருகிறது. ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வி மிக எளிமையானது. "அக்கா, சாமான் புது ரயர் மாதிரி மணக்குது. எண்ணெய் கசியிற மாதிரியும் கிடக்கு. இது உடம்புக்குக் கூடுமா, கூடாதா?" அவருக்கு நான் சொன்னதையும், அதன் பின் தேடிப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த மணமும் கசிவும் பெரும்பாலும் மலிவான பீ.வீ.சீ. பிளாஸ்ரிக்கின் அடையாளம். பீ.வீ.சீ. இயல்பில் விறைப்பானது. தண்ணீர்க் குழாய் செய்வதும் அதில்தான். அதை ஜெலி போல மென்மையாக்க வேண்டுமானால் எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கியை நிறையக் கலக்க வேண்டும். பல காலமாக இதற்குப் பாவிக்கப்பட்டவை தாலேற்றுகள் என்ற இரசாயனக் குடும்பம். இவை பிளாஸ்ரிக்கோடு இரசாயனப் பிணைப்பில் இல்லை, இடையில் ஊறிக் கிடக்கின்றன. அதனால் சூட்டிலும் உராய்விலும் எண்ணெய் பட்டாலும் மெல்ல வெளியேறும். இக்குடும்பத்தில் சில, உடலின் ஓமோன்களைக் குழப்பி இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியவை என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் சிறுவர் விளையாட்டுப் பொருட்களில் அவற்றை 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. பிள்ளை வாயில் வைத்துச் சூப்பும் பொம்மைக்குச் சட்டம் வந்தது. பெரியவர்களின் உடலுக்குள் போகும் சாதனத்துக்கு வரவில்லை. பொதுவாக மென்மையாக்கப்பட்ட பிளாஸ்ரிக் பொருட்கள் எல்லாவற்றுக்கும் முக்கியமான நான்கு தாலேற்றுகளில் அதே 0.1 சதவீத எல்லை அங்கே நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில்தான்.

பயமுறுத்துவது என் நோக்கம் அல்ல. டென்மார்க்கின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 2006இல் பாலியல் சாதனங்களை வாங்கி ஆய்வு செய்தபோது பலவற்றில் தாலேற்றுகள் இருந்தன. ஆனாலும் சாதாரணப் பாவனையில் பெரிய ஆபத்து இல்லை என்றும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அடிக்கடி பாவித்தால் கவனம் வேண்டும் என்றும்தான் அது சொன்னது. அதற்குப் பின் உலகளவில் ஒரு தரநியமமும் வந்தது: ஐ.எஸ்.ஓ. 3533, 2021இல். ஆகவே 'அளக்க முடியாத பொருள்' என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நம் நாட்டில் அளக்காமல் இருப்பதற்குக் காரணம் 1927ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் காலத்துச் சட்டம். எழுத்து, ஓவியம், படம், திரைப்படம் என்று அடுக்கிக்கொண்டு போய், வேறு ஆபாசப் பொருட்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. ஆபாசம் என்றால் என்ன என்று வரைவிலக்கணம் தரவில்லை. வியாபாரத்துக்காக இறக்குவதும் விற்பதும் குற்றம். பக்கத்து நாட்டிலும் இப்படியான பழைய சட்டம் உண்டு. அங்கே இறக்குமதியாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இத்தகைய சாதனங்கள் தம்மளவில் ஆபாசம் ஆகிவிடா என்ற நிலைப்பாட்டை எடுத்தது. 2024இல் மும்பை உயர் நீதிமன்றம், உடல் மசாஜர்களைப் பாலியல் சாதனம் என்று சொல்லிச் சுங்கம் பறிமுதல் செய்ததை ஏற்க மறுத்து, அது அதிகாரியின் கற்பனை என்றே சொல்லிவிட்டது. இங்கே வழக்குப் போட யார் முன்வருவார்? விற்பவருக்கு இந்த நிலைமை வசதியானது. சட்டவிரோதச் சரக்குக்கு உத்தரவாதம் கேட்க முடியாது, பற்றுச்சீட்டு கேட்க முடியாது, நுகர்வோர் அதிகார சபைக்கு முறையிடவும் முடியாது. தடை சாதனத்தை நிறுத்தவில்லை, தரத்தைக் கேட்கும் வாயைத்தான் மூடியிருக்கிறது.

ஒரே பொருள் வேறு பெயரோடு வந்தால் நிலைமை எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கருப்பை இறக்கத்துக்கு வைத்தியர்கள் வைக்கும் வளையம் இருக்கிறது. வயலில் குனிந்து நாற்று நட்டு, தண்ணீர்க்குடம் சுமந்து, பிள்ளை பெற்ற ஆறாம் நாளே எழும்பி வேலை செய்த நமது தாய்மார் பலருக்குத் தெரிந்த சாமான் அது. அதுவும் பீ.வீ.சீ. அல்லது சிலிக்கோன்தான், அதுவும் யோனிக்குள்தான் போகிறது. ஆனால் அது மருத்துவ சாதனம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் பொறுப்புக்குள் வருகிறது. எந்தத் திகதியில் கழற்றிக் கழுவ வேண்டும் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும். புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற பெண்களுக்கு யோனி சுருங்காமல் இருக்க வைத்தியர்கள் பரிந்துரைக்கும் விரிப்பான்களும் அப்படியே. வடிவத்தில் பாலியல் சாதனத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பதிவு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2023இல் வெளிவந்த போலி இம்யூனோகுளோபுலின் விவகாரத்தில் அரச வைத்தியசாலைகளுக்கே போலி ஆவணங்களோடு மருந்து போயிருந்தது. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைது செய்யப்பட்டார். ஆனால் அங்கே பதிவு என்ற ஒன்று இருந்ததால்தான் அது போலி என்று கண்டுபிடிக்க முடிந்தது. பதிவே இல்லாத பொருளில் போலி எது, அசல் எது?

இந்த விடயத்தில் எனக்குப் பாடம் எடுத்தவர் சக்கர நாற்காலியில் இருக்கும் ஓர் அண்ணன். போரில் முள்ளந்தண்டு காயப்பட்டவர். பல வருடமாகச் சிறுநீர்க் குழாய் போட்டே வாழ்கிறார். பாமசியில் பெட்டியைத் திருப்பி அவர் ஒரு சொல்லைத்தான் தேடுவார். "சிலிக்கோன் எண்டு பெரிசாப் போட்டிருக்கும். பூசினதா, முழுக்க அதால ஆனதா எண்டு பாக்க வேணும்" என்றார். சிலிக்கோன் பூசிய குழாய்க்கு உள்ளே இருப்பது இறப்பர். பொதுவாகச் சில வாரங்களில் மாற்ற வேண்டும். முழுச் சிலிக்கோன் குழாய் பன்னிரண்டு வாரம் வரை தாங்கும். இந்த ஒரு சொல்லின் வித்தியாசத்தைத் தன் உடம்பில் வந்த கிருமித்தொற்றுகளால் படித்தவர் அவர். பாலியல் சாதனங்களின் பெட்டியிலும் இதே தந்திரம்தான் நடக்கிறது. 'சிலிக்கோன்' என்று முகப்பில் இருக்கும். உள்ளே சிலிக்கோன் கலந்த, அல்லது மேலே பூசிய வேறு பிளாஸ்ரிக் இருக்கும். 'மருத்துவத் தரம்' என்பதும் பெட்டியில் யாரும் அச்சடிக்கக்கூடிய சொல்.

வீட்டில் எவ்வளவு தூரம் சோதிக்கலாம்? கொஞ்சத் தூரம். அசல் சிலிக்கோனுக்கு மணம் மிகக் குறைவு, தொட்டால் பிசுபிசுக்காது. பளபளக்கும் கண்ணாடி போன்ற ஜெலித் தோற்றமும் கடும் இரசாயன மணமும் இருந்தால் சந்தேகப்படுங்கள். வெள்ளைக் காகிதத்தின் மேல் சில நாள் வைத்துப் பாருங்கள், எண்ணெய்க் கறை படிந்தால் உள்ளிருந்து ஏதோ வெளியேறுகிறது. மோட்டார் இல்லாத, உள்ளே வெற்றிடம் இல்லாத பொருளை நன்னீரில் போட்டால், சிலிக்கோன் தாழும். ரீ.பீ.ஈ. எனப்படும் மென்பிளாஸ்ரிக் பெரும்பாலும் மிதக்கும். பீ.வீ.சீ.யும் தாழும் என்பதால் இந்தச் சோதனை பாதிப் பதில்தான். சிலிக்கோனைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டாலும் உருக்குலையாது. மற்றது இளகும்.

பீ.வீ.சீ.யைப் பிடிக்க உயர்தர இரசாயனவியல் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு வழி உண்டு. செப்புக் கம்பியை நிறம் வராத வரை சுவாலையில் சூடாக்கி, அந்தச் சூட்டோடு பொருளின் ஓரத்தில் தொட்டு, மறுபடி சுவாலையில் பிடித்தால் பச்சை எரியும். குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். வெளியே காற்றோட்டத்தில் செய்யுங்கள், குசினியில் வேண்டாம். அந்தப் புகை நல்லதல்ல. இவை எல்லாம் என்ன பிளாஸ்ரிக் என்றுதான் சொல்லும். எந்த இரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல ஆய்வுகூடம் வேண்டும். கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்கள் இருக்கின்றன. ஆனால் பிளாஸ்ரிக் போத்தலைக் கொண்டுபோவது போல இதைக் கொண்டுபோய் யார் கவுண்டரில் வைப்பார்?

இரசாயனத்தை விட உடனடியாகத் தொல்லை தருவது கிருமி. ஜெலிப் பிளாஸ்ரிக்கும் ரீ.பீ.ஈ.யும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளவை. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் உள்ளே போன ஈரத்தையும் பங்கசையும் முழுதாக எடுக்க முடியாது. வாவிக்கரை வெக்கையில், பொலித்தீன் பைக்குள் சுற்றி அலுமாரி அடியில் ஒளித்து வைத்தால் அது கிருமி வளர்க்கும் பெட்டிதான். ஒளித்து வைக்க வேண்டிய கட்டாயமே பாதி நோய்க்குக் காரணம் என்பேன். எந்தப் பொருள் என்று நிச்சயமில்லாவிட்டால் மேலே ஆணுறை போட்டுப் பாவிப்பது முழுக் காப்பு இல்லையென்றாலும் பெரிய உதவி. ஆனால் நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் கை போகும் தேங்காய் எண்ணெயை இங்கே எடுக்க வேண்டாம். இறப்பர் ஆணுறையை எண்ணெய் சிறிது நேரத்திலேயே பலவீனப்படுத்தி விடும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்குக் களிம்பு பாமசியில் கேட்டால் கிடைக்கும். அதைக் கேட்க எந்தச் சட்டமும் தடையில்லை.

எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. இறப்பர் இந்த நாட்டின் பயிர். மருத்துவக் கையுறைகளைத் தரக் கட்டுப்பாட்டோடு செய்து உலகத்துக்கு ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகள் இங்கே இருக்கின்றன. அறிவும் கருவியும் ஆய்வுகூடமும் இருக்கின்றன. பெண்ணின் உடலுக்கு என்று வரும்போது மட்டும் அரசு வேறு கண்ணாடி போட்டுக்கொள்கிறது. இறக்குமதியாகும் மாதவிடாய்த் துவாய்க்கு 2018 வரை 101.2 சதவீத வரி இருந்தது. கண்டனம் எழுந்த பின் 62.6 சதவீதமாகக் குறைத்தார்கள். அதையும் சாதனை போலச் சொன்னார்கள். ஆடம்பரம் என்று ஒரு பொருளை ஒதுக்கினார்கள், ஆபாசம் என்று இன்னொன்றை. 2027இல் அந்த ஆபாசச் சட்டத்துக்கு நூறு வயது நிறைகிறது. முழுச் சட்டத்தையும் நீக்கும் துணிச்சல் எந்த அரசுக்கும் வராது, எனக்கும் அந்த எதிர்பார்ப்பு இல்லை. உடலுக்குள் பாவிக்கும் எல்லாப் பொருளுக்கும் பொருட்பெயரும் உற்பத்தியாளர் பெயரும் மூன்று மொழியிலும் கட்டாயம் என்று ஒரு வர்த்தமானி போதும். அதைக் கேட்கும் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவராவது நம் மாவட்டத்தில் இருக்கிறாரா என்று தேர்தல் நேரத்திலாவது கேட்கலாம்.

அதுவரைக்கும் ஒரு விடயம். அரிப்பு, எரிவு, வழமைக்கு மாறான வெள்ளைபடுதல், இரத்தக் கசிவு என்று ஏதாவது இருந்தால் மறைத்துக்கொண்டு இருக்காதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் அங்கேயே, இலவசமாக. முப்பத்தைந்து வயது வந்த பெண்களை அவர்களே வரச் சொல்வார்கள். உங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தர் அந்த ஊர்க்காரர் என்பதால் சொல்லத் தயக்கம் இருந்தால், வைத்தியரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். சாமானைக் கொண்டுபோகத் தேவையில்லை. பெட்டியில் பொருளின் பெயர் எழுதியிருக்கும் வரியைக் கைபேசியில் படம் எடுத்துப் போனால் போதும்.